கருத்தியல் என்று நான் சொன்னது

தொண்ணூறுகளில், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தமிழ்க்கடைக்கு மேலிருந்த அறையில் ஞாயிறுதோறும் கூடிக் கதைப்போம். 'கருத்தியல்' என்ற சொல் என் வாயில் எப்போதும் இருந்தது. ஒருநாள் அண்ணை ஒருவர் வந்தார். 1986இல், ஈழத்து ஆயுத இயக்கங்கள் தமக்குள் சுட்டுக்கொண்ட நாட்களில், தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தக் காலையைச் சொல்லத் தொடங்கினார். ஒழுங்கையில் கேட்ட வெடிச்சத்தம், தாய் ஓடியது என்று சொல்லிக்கொண்டு வந்தபோது நான் இடைமறித்தேன்: "அண்ணை, இது உங்கட கருத்தியல் நிலைப்பாடு."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அவர் எழும்பிப் போனார். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

'கருத்தியல்' என்று நாம் தமிழாக்கிய மூலச்சொல்லின் வரலாற்றைப் பிந்தித்தான் படித்தேன். 1796இல் பாரிசில் தெஸ்துத் த திராசி என்பவர் ஆக்கிய சொல் அது. எண்ணங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று ஆராயும் அறிவியலுக்கு அவர் இட்ட பெயர். தன் ஆட்சியை எதிர்த்த திராசி வட்டத்து அறிஞர்களை நடைமுறை தெரியாத கனவுக்காரர் என்று நெப்போலியன் இழித்தபோதுதான் அது வசைச்சொல்லாயிற்று. மார்க்சும் எங்கெல்சும் 1845-46இல் அதைக் கையிலெடுத்தது, எண்ணங்கள் மனிதரின் வாழ்நிலையில் எங்கே வேர்விட்டிருக்கின்றன என்று தேடத்தான். நான் மார்க்சின் பெயரைச் சொல்லிக்கொண்டு நெப்போலியனின் வேலையைச் செய்தேன்.

வெட்கம் இதோடு நிற்கவில்லை. ஊரில் எனக்குச் சைவ சித்தாந்தம் படிப்பித்திருந்தார்கள். சித்தாந்தம் என்றால் முடிந்த முடிபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அந்த முடிபுக்கு நேரே போகவில்லை. முதலில் பரபக்கம். உலகாயதர் தொடங்கி ஒவ்வொரு மாற்றாரின் கொள்கையையும் எடுத்து வைத்த பிறகே மறுக்கிறார். தன் கொள்கையை நிறுவும் சுபக்கம் அதற்கும் பின்னால்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் பிறசமயத்தாருக்குக் கொடுத்த இடத்தை, சொந்த ஊர்க்காரனுக்கு நான் கொடுக்கவில்லை.

அறியாமை என்று சொல்லித் தப்ப மாட்டேன். அவருடைய தம்பியைச் சுட்ட இயக்கத்தை நான் அப்போது ஆதரித்தேன், காசும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் சொல்லி முடித்திருந்தால் நான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தப் பயத்தில்தான் அவர் கதையைப் பாதியில் நிறுத்தினேன்.

சில வருடங்கள் கழித்து ஜோன்-தலோன் வீதியில் அவரைக் கண்டேன். தலையசைத்தார். நானும் தலையசைத்துவிட்டு நடந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் தம்பியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்று அவர் அதுவரை வந்திருக்கவில்லை.