மண்ணைத் தொட்டால் மானம் போமா?

சென்ற ஆண்டு நமது அண்டை வீட்டார் ஒருவர் தம் புதல்வனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். எஸ்.பி.எம். தேறிய அப்பையன் தொழில்நுட்பக் கல்லூரியில் தோட்டக்கலை பயில விரும்பினான். தந்தைக்கோ அது தாங்கொணா வேதனை. "என் அப்பா மண் வெட்டினார், நான் பால்மரம் சீவினேன். இவனும் மண்ணுக்கே போவதா, ஐயா? நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும்" என்றார். நாமும் சற்றும் யோசியாமல், ஆபீசு வேலைக்கு ஏற்ற படிப்பே மேல் என்று கூறிவிட்டோம்.

பையன் பணிவோடு ஒன்று கேட்டான்: "ஐயா, பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்று அப்பாவின் கைக்குத் தெரியும். அதற்குமேல் கத்தி ஏன் போகக்கூடாது என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?"

நாம் நாணினோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. புதுப்பட்டையைத் தருவது அதுவே. அது காயமுற்றால் மரம் முண்டும் முடிச்சுமாகும். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் சீவும் முறையை அங்கே ஆராய்ந்து கண்டார். அம்முறையை நாள்தோறும் கையாண்ட நம்மவர்க்குக் கிடைத்தது கத்தியும் கூலியுமே. காரணத்தைக் கற்பிப்பார் இல்லை.

கையால் உழைப்பது தாழ்வு, உட்கார்ந்து எழுதுவது உயர்வு என்பது வருணாசிரமம் நம் தலையில் ஏற்றிய பொய்யன்றோ? கடல் கடந்தும் அதைச் சுமப்பது அறிவுடைமையாகுமா? நம் முன்னோரைத் தாழ்த்தியது மண்ணன்று. கல்வியில்லா உழைப்பும் காணாக் கூலியுமே.

தோட்டக்கலை மாணவன் மண்ணின் புளிப்பை அளக்கவும், மொட்டு ஒட்டிக் கன்று ஆக்கவும், பூச்சியையும் நோயையும் பிரித்தறியவும், நீர்ப்பாய்ச்சலைத் திட்டமிடவும், வரவு செலவு எழுதவும் கற்கிறான். கற்றபின் நாற்றுப்பண்ணை, நகராட்சிப் பூங்கா, கோல்ப் மைதானப் புல்தரை, ஆர்க்கிட் திசு வளர்ப்புக் கூடம், கேமரன் மலைக் காய்கறித் தோட்டம் எனப் பல வாயில்கள் உள. சாலை மரங்களின் நலம் ஆராய்ந்து, எது விழும், எது நிற்கும் என்று சொல்லும் மரநல வல்லுநரும் உளர். 1963-இல் மரநடு இயக்கம் தொடங்கிய சிங்கப்பூரில் இத்தொழிலின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ? மேற்படிப்புக்கும் வழியுண்டு. செர்டாங்கில் 1931-இல் விவசாயப் பள்ளியாகத் தோன்றியதே 1971-இல் பல்கலைக்கழகமாயிற்று.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. வெயிலும் மழையும் உண்டு. தொடக்கச் சம்பளம் சிறிதாயிருக்கக்கூடும். ஆதலின் சேருமுன், சான்றிதழ் அரசாங்கத்தால் ஏற்கப்பட்டதா, செய்முறைப் பயிற்சி எத்தனை மாதம், டிப்ளோமாவுக்கு ஏறலாமா என்று கேட்டறிதல் வேண்டும். சான்றிதழின்றி நுழைபவன் பழைய கூலி நிலையிலேயே நின்றுவிடுவான்.

பையன் கல்லூரியிற் சேர்ந்துவிட்டான். விடுமுறையில் வந்தவன் வீட்டு வாசலில் மாங்கன்று ஒன்றுக்கு ஒட்டுக் கட்டினான். தந்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று, தம் கத்தியைத் தீட்டிக்கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தார்.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ மண்ணை நாடினால் தடுக்காதீர்கள். அறிவோடு போகச் சொல்லுங்கள்.