வெள்ளிமலையில் பூக்காத ரோஜா

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலையேறினால் கல்வராயன் மலையின் வெள்ளிமலை. அங்கே ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா, "வண்டிக்காரர்கிட்ட வாங்குனப்ப சிவப்பா பூத்துச்சு சார். இப்ப ஆள் உயரம் வளருது, ஒரு மொட்டு இல்ல. பிடுங்கிப் போட்டுடலாமா?" என்றார்.

மண்ணை விலக்கிப் பார்த்தோம். உயர்ந்து நின்றதெல்லாம் ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியில் கிளம்பிய கிளைகள். சத்தையெல்லாம் அவை இழுத்துக்கொள்ள, ஒட்டிய சிவப்பு ரோஜா ஒற்றைக் குச்சியாக இளைத்திருந்தது. கீழ்க்கிளைகளைக் கிளம்பிய இடத்திலேயே பிய்த்தெடுத்தோம். மேலோட்டமாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஒட்டு வெளியே தெரியும்படி மண்ணைத் தள்ளி அணைத்தோம்.

பக்கத்து வீட்டுப் பன்னீர் ரோஜாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. குச்சி நட்டு வளர்ந்தது; அடியில் துளிர்த்தாலும் பன்னீர் ரோஜாதான். மழைக்காலத்தில் பென்சில் பருமன் குச்சியை நட்டால் வேர்பிடிக்கும்.

ஒட்டுச்செடி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை அடியைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கவாத்து செய்து, வெட்டிய முனையில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசை தடவுங்கள்.

அடுத்த முறை போனபோது அந்த ஒற்றைக் குச்சியில் புதுத்துளிர். நுனியில் ஒரு மொட்டு.