நாளைக்கு உண்டா?

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு மேல் கைப்பேசி ஓயாது. எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அண்ணே, நாளைக்கு உண்டா?"

சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்த மழை ஏழு மணிக்குத்தான் விட்டிருக்கும். கோலாலம்பூரில் ஏப்ரல் மாதமும், அக்டோபர் நவம்பரும் இப்படித்தான். காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், மத்தியானம் கறுக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டும். அதனால் மலைச் சைக்கிள் சவாரி என்பது இங்கே காலை வேலை. ஏழரைக்குச் சக்கரம் உருள வேண்டும், பத்தரைக்குள் அத்தனை பேரும் காட்டைவிட்டு வெளியே நிற்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு ராத்திரியே பதில் சொல்கிற வழக்கம் எனக்கில்லை. நாங்கள் ஓட்டுகிற புக்கிட் கியாராக் குன்றின் மண் செம்மண் ஏறிய களி. மேலே ஒரு விரல் கனத்துக்கு ஈரம் என்றால் ஓட்டலாம். உள்ளே வரை ஊறிவிட்டால் ஓட்டக் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் பளபளக்கும். காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும். விடியலில் முதல் ஆளாகப் போய், தடத்தின் முதல் வளைவில் குதிகாலை அழுத்தி எடுத்துப் பார்ப்பேன். பள்ளத்தில் நீர் சுரந்து நின்றால் அன்றைக்குச் சவாரி இல்லை. வந்தவர்கள் பசியாறிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சிலருக்குக் கோபம் வரும். சேற்றில் ஓட்டத்தானே இந்தச் சைக்கிள், இத்தனை வெள்ளி போட்டு எதற்கு வாங்கினோம் என்பார்கள். சைக்கிள் தாங்கும். மண் தாங்காது. ஊறிய களியில் பன்னிரண்டு சைக்கிள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் நடுவே ஒரு வாய்க்கால் விழுந்துவிடும். அடுத்த மழையின் நீர் பக்கவாட்டில் சரியாமல் அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே இறங்கும், போகிற போக்கில் மண்ணையும் அள்ளும். கொஞ்ச நாளில் வேர்கள் வெளியே துருத்தும், நடுவில் குட்டை தேங்கும். பின்னால் வருகிறவர்கள் குட்டைக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கி ஓட்டுவார்கள். ஓரம் மிதிபட்டுச் சேறாகும், அதற்கும் ஓரமாக இன்னொரு வழி பிறக்கும். ஒற்றையடித் தடமாக இருந்தது மாட்டு வண்டிப் பாதை அகலத்துக்குப் போய்விடும். ஆகவே எங்கள் குழுவில் ஒரு சட்டம்: குட்டை எதிர்ப்பட்டால் நடுவிலேயே இறங்கு. துணி நனைந்தால் காயும்.

வானத்தைப் பார்த்து "இன்றைக்கு உண்டா இல்லையா" என்று முடிவெடுப்பதை நான் முதன்முதலில் பார்த்தது பாட்டியிடம். சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டம். பொழுது விடிவதற்கு வெகு முன்னாலேயே எழுந்து லயத்து வாசலில் நின்று கையை நீட்டுவாள். உள்ளங்கையில் தூறல் விழாவிட்டாலும் அவளுக்குச் சமாதானமாகாது. மரம் நனைந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. பால்மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் வெட்டக் கூடாது. பால் வெட்டுக்கோட்டைத் தாண்டி வழிந்து மரமெல்லாம் பரவிவிடும். பால் பிடிக்கும் மங்கில் மழைநீர் சேரும். வெட்டிய இடத்தில் பூஞ்சையும் பிடிக்கும். இருட்டிலேயே வெட்டுவதற்கும் காரணம் உண்டு: வெயில் ஏறாத வேளையில்தான் பட்டைக்குள் அழுத்தம் அதிகம், பால் நின்று ஒழுகும்.

மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லை என்றால் அன்றைய கூலி இல்லை. எங்களுக்கு மழையில் போவது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. அவளுக்குப் போனது ஒரு நாள் அரிசி. இது மனதில் இருப்பதால், சவாரி நின்ற நாளில் "மழை வந்து கெடுத்துவிட்டது" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

புறப்படும் முன் தலை எண்ணுவேன். எண்ணும்போதெல்லாம் தோட்டத்துப் பெரட்டுக்களம் ஞாபகத்துக்கு வரும். இருட்டில் ஒரு விளக்கு, கிராணி கையில் பெயர்ப்புத்தகம், பக்கத்தில் தண்டல். பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள். அங்கே எண்ணியது வேலைக்கு எத்தனை கை என்று. நான் எண்ணுவது எத்தனை பேரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று. எண்ணி முடித்ததும் ஒவ்வொரு சைக்கிளின் முன் பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்ப்பேன். ஈர மண் அரைக்கிற அரைப்பில், பிசின் வகைப் பிரேக் கட்டை ஒரே சவாரியில் தேய்ந்து தகடு தெரிவதைப் பார்த்திருக்கிறேன். உலோகத் தூள் கலந்த கட்டை சத்தம் போடும், ஆனால் சேற்றில் நிற்கும்.

முன்னால் போகிறவர் பெரிய ஆள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அவருக்கு வழி தெரிந்தால் போதும். குழுவின் பாரம் கடைசியில் வருகிறவர் தோளில். பம்பு, செயின் இணைப்பு, கியர் தாங்கி, காயக்கட்டுத் துணி, உப்புப் பொட்டலம் எல்லாம் அவர் பையில்தான். தடம் பிரிகிற ஒவ்வொரு சந்தியிலும் ஒருவர் நிற்க வேண்டும். தனக்குப் பின்னால் வருகிறவர் முகம் தெரிந்த பிறகே நகர வேண்டும். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. அங்கே ஒருவரை ஒருவர் இழக்காமல் இருக்க இந்த நிற்கிற பழக்கம் ஒன்றுதான் வழி. கடைசி ஆளைத் தாண்டிப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. யாராவது மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றால் கடைசி ஆளும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

ஒருமுறை பள்ளி ஆசிரியை ஒருவர் வந்திருந்தார். சாலையில் நன்றாக ஓட்டுகிறவர், காடு புதிது. இறக்கத்தின் நடுவில் குறுக்கே நாலைந்து வேர்கள், மழையில் சோப்புத் தடவினாற்போல் இருந்தன. முன் சக்கரம் வேரைத் தொட்டதும் பயத்தில் பிரேக்கைப் பிடித்தார். சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போக, இடுப்பளவு புதருக்குள் விழுந்தார். அடி பெரிதில்லை. முழங்கையில் சிராய்ப்பு. ஆனால் எழுந்து நின்றவர் சைக்கிளைத் தொடவே மறுத்துவிட்டார். "நான் தள்ளிக்கிட்டே வர்றேன் சார், நீங்க போங்க" என்றார். நான் கடைசி ஆள், எங்கே போவது? அவரும் நானும் அந்த வேர்களை நடந்தே ஏறி இறங்கிப் பார்த்தோம். வேர் நேர்க்குறுக்காக எங்கே கிடக்கிறது, சாய்வாக எங்கே கிடக்கிறது என்று குனிந்து காட்டினேன். சாய்ந்து கிடக்கிற வேர்தான் சக்கரத்தை வழிமாற்றும். நேர்க்குறுக்காகக் கடந்தால் ஒன்றும் செய்யாது. பிரேக்கை வேருக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிட வேண்டும், வேர்மேல் போகும்போது விரல் சும்மா இருக்க வேண்டும். டயர் காற்றைச் சீறவிட்டு 22 பிஎஸ்ஐ வரைக்கும் குறைத்தேன். மேல் சந்திக்குத் தள்ளிக்கொண்டு போய் மறுபடி இறங்கினார். கீழே மற்ற பத்துப் பேரும் கொசுவுக்கு நடுவே காத்திருந்தார்கள், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பத்துப் பேரைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை.

டியூப் இல்லாத டயருக்குள் பஞ்சரை அடைக்க ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றுவோம். அதில் பல வகைகள் இயற்கை ரப்பர் பாலிலேயே செய்தவை. உறையாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். போத்தலைக் குலுக்கித் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நெடி, பாட்டியின் பால் வாளி நெடியேதான். தோட்டத்திலும் பால் ஸ்டோருக்குப் போய்ச் சேருமுன் உறைந்துவிடாமலிருக்க அமோனியா விடுவார்கள். விரலில் சொட்டிய துளி காய்ந்ததும் தோலோடு சுருண்டு உரியும். பாட்டியின் கைலியில் அப்படி உரியாமல் ஒட்டிக் கறுத்த கோட்டுப்பால் திட்டுகள் உண்டு. எத்தனை துவைத்தாலும் போகாது.

டயருக்கும் பாட்டியின் பாலுக்கும் உள்ள உறவு பழையது. பெல்பாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டி கல்பாதையில் அதிராமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த ரப்பர் குழாயைச் சக்கரத்தில் கட்டினார். 1888இல் காப்புரிமை வாங்கினார். அந்த யோசனைக்குத் தாம்சன் என்பவர் 1845இலேயே காப்புரிமை வாங்கியிருந்தது பிறகு தெரியவந்தது. ஆனால் ஊரெல்லாம் சைக்கிள் ஓடத் தொடங்கியது டன்லப்புக்குப் பிறகுதான். டன்லப் காப்புரிமை வாங்கிய வேளையில், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து, பதினொரு ஆண்டுகளாகச் சும்மா வளர்ந்துகொண்டிருந்தன. சைக்கிள் டயரில் பிறந்த தேவை மோட்டார் காரில் வேகம் பிடித்தது. மலாயாக் குன்றுகளில் காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள், நட்டதை வெட்டக் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை அது நடந்தது. ஒரு பிள்ளையின் மூன்று சக்கர வண்டியிலிருந்து என் பாட்டியின் லயம் வரைக்கும் கோடு போடலாம். பின்னால் வருகிற இருபது வயதுப் பிள்ளைகளுக்கு, பஞ்சர் ஒட்டும் நேரத்தில் இந்தக் கதையைச் சொல்வேன். பெரும்பாலானவர்களுக்குப் பால்மரம் எது என்றே தெரியாது.

நான் காட்டில் ஓட்டப் பழகியது கியாராவில் அல்ல, கெப்போங் வன ஆராய்ச்சி நிலையத்தில். ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் அடர்ந்த காடு. அது ஆதிக்காடு என்றுதான் அப்போது நினைத்தேன். ஈயம் தோண்டி நாசமாக்கிப் போட்ட நிலத்தில் 1920களில் தொடங்கி மரம் மரமாக நட்டு மனிதர்கள் எழுப்பிய காடு அது. 2025இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே காப்பூர் மரங்களின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றைத் தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது தெரியும். கீழே குனிந்தால் காலுறையில் அட்டை. பாட்டி காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொள்வாள். நாங்கள் உப்புப் பொட்டலம் வைத்திருக்கிறோம். அழித்த நிலமும் காடாகத் திரும்பும், அதற்குக் கை வேண்டும், காலம் வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். தடம் பராமரிக்க மண்வெட்டி தூக்கும் ஆசை வந்ததும் அங்கிருந்துதான்.

கியாராவும் ரப்பர் தோட்டமாக இருந்த குன்று. தோட்டம் போனது, சுற்றிலும் அடுக்குமாடிகளும் கோல்ஃப் திடலும் வந்தன. அங்கே பால் வெட்டிய குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் இருந்த வரிசை வீடுகளுக்கு மாற்றினார்கள். கொஞ்ச காலத்துக்கான ஏற்பாடு என்று சொல்லப்பட்ட அந்த வீடுகளில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. குன்றின்மேல் நாங்கள் உல்லாசமாக ஓட்டுகிறோம் என்பதும், அதைப் பண்படுத்தியவர்கள் அடிவாரத்தில் நல்ல வீட்டுக்காகக் காத்திருந்தார்கள் என்பதும் ஒரே இடத்தின் கதை. குழுவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் தடத்தின் வரைபடத்தோடு இதையும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

காட்டுக்குள் பால்மரங்கள் இன்னும் நிற்கின்றன. வெயில் ஏறியதும் காய் படாரென்று வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும். தடத்தின் பல பகுதிகள் பழைய தோட்டப் படித்தரைகள்மேல்தான் போகின்றன. சரிவுக்கு நேர்கீழாக இறங்காமல் குன்றைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடுகிற படித்தரை. தடம் அமைக்கிறவர்கள் இன்று புத்தகத்தில் படிக்கிற விதியும் அதுவேதான்: தடத்தின் சாய்மானம் சரிவின் சாய்மானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, வெளியோரம் லேசாகத் தாழ்ந்து நீரை உடனுக்குடன் கழித்துவிட வேண்டும்.

அப்படியிருந்தும் ஒரு வளைவு மட்டும் எந்நாளும் காயாமல் இருந்தது. கல் போட்டோம், கட்டை போட்டோம், பயனில்லை. கியாராவில் பால் வெட்டிய பெரியவர் ஒருவரை, பேரனோடு ஒருநாள் மெதுவாக நடத்தி அழைத்துப் போனோம். சேற்றை அவர் பார்க்கவே இல்லை. மேல்படித்தரையைக் கைத்தடியால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் தடி உள்ளே இறங்கியது. "இங்கதான் ஐயா மழைக்குழி. தண்ணி மேலயே நிக்கணும், கீழ எறங்க விடக் கூடாது. தூந்து போச்சு, தோண்டுங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு மண்வெட்டி பிடித்தோம். இலைமக்குக்குக் கீழே, ஓராள் படுக்கிற நீளத்தில், ஓரம் சீராக வெட்டிய பழைய குழி அப்படியே இருந்தது. தூர் வாரிய பிறகு இரண்டு பெருமழை பெய்தது. வளைவில் குதிகாலை அழுத்தினால் நீர் சுரக்கவில்லை. அதே வரிசையில் இன்னும் குழிகள் இருக்கும், இத்தனை அடிக்கு ஒன்று என்று கணக்காக வெட்டியிருப்பார்கள் என்கிறார் பெரியவர். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். சவாரி நிற்கிற நாட்களில் இப்போது அந்த வேலை நடக்கிறது.