பழைய ரிவால்வர் ஒன்றை வாங்கலாமா?



வழக்கமாக இலக்கணம், தேர்வு, கட்டுரைப் பயிற்சி என்று எழுதுகிறவன் இன்று துப்பாக்கியைப் பற்றி எழுத நேர்ந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு மாத காலம் நடந்த வாதம் இது. வேறு குடும்பங்களிலும் இத்தகைய பேச்சு எழக்கூடும் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

பாகான் டத்தோ 2017-இல் பேராக்கின் தனி மாவட்டமாயிற்று. ஆயினும் உள்ளே செல்லச் செல்லத் தென்னையும் செம்பனையுந்தான். ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே ஒரு தோப்பே இருக்கும். என் தங்கையின் வீடும் அப்படிப்பட்டதே. ஓரிரவு பின்கதவைப் பெயர்த்துத் திருடர்கள் நுழைந்தபோது தங்கையும் இரு பிள்ளைகளும் மட்டுமே வீட்டில் இருந்தனர். நகைகள் போயின, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால், இரண்டாம் ஆண்டில் படிக்கும் மூத்த பிள்ளை அன்றுமுதல் விளக்கை அணைத்தால் அழத் தொடங்கினான்.

சில நாள் கழித்துத் தங்கையின் கணவர் என்னிடம் வந்தார். தெரிந்தவர் ஒருவர் வழியாகப் பழைய ரிவால்வர் ஒன்று, ஆறு தோட்டாக்களுடன், மலிவாகக் கிடைக்கிறதாம். "மச்சான், கையில ஒன்னு இருந்தா நிம்மதியாத் தூங்குவேன். என்ன சொல்றீங்க?" என்றார்.

அவருடைய அச்சம் பொய்யன்று. ஆகவே, "கூடாது" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், இருவரும் அமர்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம்.

முதலில் சட்டம். நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். ஏழாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971-ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லைக்காக உரிமம் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்போரை நாம் அறிவோம். அவர்கள் காவல்துறையிடம் முறையாக விண்ணப்பித்துப் பெற்றவர்கள். ரகசியமாகக் கைமாறும் ரிவால்வருக்கு அந்த வழி கிடையாது. மேலும், அது இதற்குமுன் எந்தக் குற்றத்தில் சுடப்பட்டது என்பதை வாங்குகிறவர் எப்படி அறிவார்? சுட்ட குண்டில் பதியும் குழலின் தடம், அந்தப் பழைய வழக்கையும் இவர் தலையில் ஏற்றிவிடக்கூடும். திருடனைச் சுட்டு வீழ்த்தினாலும், காவல்துறை வந்து நிற்கும்போது திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளியாகிவிடுவார்.

"அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைமார் இடுப்பில் வைத்திருந்தார்களே?" என்றார் அவர். உண்மைதான். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு, அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின்னர் அது வழக்கமாயிற்று. ஆனால், 1951 அக்டோபர் 6 அன்று ஃபிரேசர் மலைப் பாதையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய காவலர்கள் அவருடன் இருந்தார்கள். பதுங்கியிருப்பவனே முதலில் சுடுகிறான்.

அதே காலத்தில் ஒரு ரிவால்வர் நம்மவர் ஒருவரின் உயிரையே குடித்தது. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரிவால்வரும் தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டெடுத்து ஒப்படைக்கச் சென்றதாக அவர் கூறியது ஏற்கப்படவில்லை. அவசரகாலச் சட்டம் அக்குற்றத்திற்கு மரண தண்டனை விதித்தது. இந்தியத் தரப்பின் முறையீடுகளும் பலிக்கவில்லை. 1949 மே 4 அன்று புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியல் வேறு, எங்கள் வீட்டுக் கவலை வேறு. ஆயினும், "ஏன் வைத்திருந்தாய்?" என்பதற்கு நாம் தரும் விளக்கத்தைச் சட்டம் ஏற்றாக வேண்டும் என்பதில்லை; இதை அவ்வரலாறு உரக்கச் சொல்கிறது.

இவையெல்லாம் ஒருபுறமிருக்க, மாப்பிள்ளையின் மனத்தை மாற்றியது வேறொன்று. "எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன். பெட்டியில் பூட்டித் தோட்டாக்களைத் தனியே வைத்தால், நள்ளிரவில் கதவு உடையும்போது உதவாது. குண்டு நிரப்பித் தலையணைக்கடியில் வைத்தால் பிள்ளைகளின் கைக்கு எட்டும். பெரும்பாலான ரிவால்வர்களில் தனிப் பாதுகாப்பு விசை கிடையாது. விசைவில்லை அழுத்தினால் வெடிக்கும். பெற்றோர் ஒளித்து வைத்த மிட்டாயை எங்கிருந்தாலும் கண்டுபிடிக்கும் பிள்ளைகளை நாம் தினமும் வகுப்பில் பார்க்கிறோமே! அவர்களுடையது பலகை வீடு. இருட்டில் குறி தவறினால் குண்டு பலகையைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அந்த அறையில் உறங்குவது யார்?

அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள், "வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

பேச்சோடு விட்டுவிடவும் இல்லை. பின்கதவுக்கு இரும்புக் கம்பிக்கதவு போட்டோம். வாசலிலும் பின்புறத்திலும் விளக்கு எரிகிறது. இரண்டு நாய்கள் வளர்கின்றன. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் தொலைபேசி எண்களைப் பகிர்ந்துகொண்டு, ருக்குன் தெத்தாங்கா சுற்றுக்காவலைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளன. ரிவால்வரின் விலையைவிட இதற்கு அதிகம் செலவாயிற்று என்பதையும் மறைக்கவில்லை. பையனின் அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை. அது மெல்லத்தான் தீரும். பெற்றோர் பக்கத்தில் படுத்துக்கொள்வதே இப்போதைக்கு மருந்து.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கியையோ தோட்டாவையோ எங்கேனும் கண்டால் தொடாதே, விலகி வா, உடனே பெரியவரிடம் சொல் என்ற மூன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆசிரியர்களும் வகுப்பில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். திரைப்படத்தில் நாயகன் சுழற்றுவதை மட்டுமே கண்டிருக்கும் பிள்ளைகளுக்கு, அதன் மறுபக்கத்தை நாம்தான் சொல்ல வேண்டும்.