ஏ.சி-யா, பவர் ஸ்டீயரிங்கா? இரும்பையில் ஒரு வண்டிக் கணக்கு

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. பக்கத்திலிருக்கும் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அந்த ராத்திரியில் இரும்பை விவசாயி ஒருவரின் பழைய மினி லாரி, ஏரிக்கரைக்குக் கீழே தாழ்வான கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. மறுநாள் தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தார். சீட்டு வரைக்கும் சேற்றுக் கோடு. மனசு கேட்காமல் சாவியைப் போட்டுத் திருகினார். ஒரு சத்தம், அதோடு இன்ஜின் நின்றது.

“தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணலாமா அண்ணே? உள்ள தண்ணி இருக்கும்போது பிஸ்டன் அழுத்தினா ராடு வளைஞ்சிடும்” என்றார் மெக்கானிக். இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அது அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான். சொந்த வண்டி வெள்ளத்தில் போனால் ஒரு ரூபாய் வராது. வருஷத்துக்குச் சில ஆயிரம் மிச்சம் பிடித்தது அவரே எடுத்த முடிவு. அதனால் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

மெக்கானிக் வண்டிக்குக் கீழே படுத்து ஸ்பேனரால் தட்டினார். சேஸிலிருந்து துரு, அப்பளம் மாதிரி உதிர்ந்தது. “புயல் வரலைன்னாலும் இது ரெண்டு வருஷம்தான் அண்ணே. உப்பு தின்னுருக்கு.”

உப்பு தின்ற வண்டி

இரும்பையில் செம்மண் பூமி. மல்லாட்டை, தர்பூசணி, கொஞ்சம் சவுக்கு என்று அவருக்கு நாலு ஏக்கர். விளைச்சலை ஏற்றிப் புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் போகாத நாளில் வண்டி சும்மா நிற்காது. கோடையில் மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றும் வாடகை நடை கிடைக்கும். மனைவியின் தம்பிக்கு அங்கே உப்பளத்தில்தான் வேலை. மழை பொய்த்த வருஷங்களில் குடும்பத்தைக் கரை சேர்த்தது அந்த உப்பு வாடகைதான். வண்டியை அரித்ததும் அதுவேதான்.

பாத்தியிலிருந்து வாரிய உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பது அதுதான். மூட்டை காய்ந்தது போலத் தெரியும். இரண்டு மணி நேரத்தில் அடியில் கசியும். அந்த உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி சேஸ், பட்டை ஸ்பிரிங், பிரேக் பைப், ஒயர் ஜாயின்ட் என்று எல்லாவற்றிலும் உட்காரும். மேலே வண்டி பளபளவென்று இருக்கும். கீழே அரித்துக்கொண்டே இருக்கும்.

2025-ம் வருஷ வெள்ளாமை முழுவதும் வாடகை வண்டியில் போனது. மனைவி நோட்டில் எழுதி வைத்திருந்தார்: 62 நடை, சராசரி 1,400 ரூபாய், மொத்தம் 86,800. தர்பூசணி விலை இறங்கிய வாரத்தில், வந்த பணத்தில் பாதி வாடகைக்கே போனது. சொந்த வண்டி இல்லாமல் இன்னொரு வருஷம் தாங்காது என்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எந்த வண்டி, அதில் எந்த மாடல் என்பதில்தான் ஆளுக்கொரு எண்ணம்.

மூன்று படி

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது, குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்ட், ஓசூரில் தயாரித்த தோஸ்த் வண்டியை எல்.இ., எல்.எஸ்., எல்.எக்ஸ். என்று மூன்று படியாகக் கொண்டு வந்தது. உச்சியில் இருந்த எல்.எக்ஸ். மாடலில் ஏ.சி., பவர் ஸ்டீயரிங் எல்லாம் உண்டு. கார் வாங்குபவர் மட்டும் யோசித்த ‘பேஸ் மாடலா, டாப் மாடலா’ என்ற கேள்வி லோடு வண்டிக்காரர் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தது. இன்று ஏறக்குறைய எல்லா கம்பெனியும் இப்படிப் படி வைத்தே விற்கிறது.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆனது. ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் மூன்று பேரும் ஷோரூம் போனார்கள். அவர், மனைவி, சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகும் மகன்.

வரிக்கு முன் ஏழு லட்ச ரூபாய் வண்டி. பழைய வரியில் 8,96,000. புது வரியில் 8,26,000. “எழுபதாயிரம் மிச்சம் சார். அறுபதாயிரம் சேர்த்தா டாப் மாடலே வந்துடும். ஏ.சி., டச் ஸ்கிரீன், துணி சீட்டு. மாசம் டியூவுல தெரியவே தெரியாது. அதுவும் இல்லாம, லாரிக்கெல்லாம் ஏ.சி. கட்டாயம்னு சட்டமே வந்துடுச்சு” என்றார் விற்பனையாளர்.

மகனுக்கு முகம் மலர்ந்தது. “நான் கம்பெனியை விட்டுட்டு வண்டியையும் நிலத்தையும் பார்க்கிறேன்னு சொன்னேன்ல அப்பா? சித்திரை வெயில்ல உப்பளத்துல ஏ.சி. இல்லாம ஓட்ட முடியாது.”

அப்பாவுக்கு அந்த வார்த்தை வேறு மாதிரி கேட்டது. ஏ.சி. இல்லாவிட்டால் பையன் வரமாட்டான், ஏ.சி. இருந்தால் நிலத்துக்குத் திரும்பி விடுவான். ‘அறுபதாயிரம்தானே, பையன் பக்கத்தில் இருப்பான்’ என்று அங்கேயே தலையாட்டத் தயாராகிவிட்டார். மனைவிதான், “வீட்டுல பேசிட்டு வர்றோம்” என்று எழுந்தார்.

நோட்டில் எழுதிய கேள்விகள்

அன்று ராத்திரி வாடகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கேள்விகள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கொரு பக்கம் விசாரித்துப் பதில் எழுதினார்கள்.

1. டாப் மாடல் அதிக பாரம் இழுக்குமா? இழுக்காது. அவர்கள் பார்த்த மூன்று படியிலும் இன்ஜின், கியர் பாக்ஸ், சேஸ், டயர் எல்லாம் ஒன்றே. வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்குத்தான் வரம்பு. ஏ.சி. கம்ப்ரசரும் குழாயும் வண்டியின் சொந்த எடையில் சேரும். அந்த அளவுக்குச் சரக்கு குறையும்.

2. பெர்மிட் வேண்டுமா? மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டாம். அதைத் தாண்டினால் வேண்டும். ‘கொஞ்சம் பெரிசா வாங்கிடலாம்’ என்று நினைக்கும்போது இந்தக் கோட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

3. ஏ.சி. சட்டப்படி கட்டாயமா? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளின் கேபினுக்குத்தான் அந்த விதி. இந்த வண்டி அதற்குக் கீழே. இதைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியது மகன்தான்.

4. அறுபதாயிரம் உண்மையில் எவ்வளவு? 11 சதவிகித வட்டி, 48 மாதம் என்றால் மாதம் 1,551 ரூபாய். கட்டி முடிக்கும்போது 74,400 சொச்சம். நடு மாடலுக்கு ஆறு லட்சம் கடன், டியூ 15,500. டாப் மாடலுக்கு 17,000-ஐத் தாண்டும்.

5. அம்மா ஓட்டலாமா? அவரிடம் கார் லைசென்ஸ் இருக்கிறது. லோடு வண்டிக்குத் தனியாக வேண்டும் என்று ஊரில் நாலு பேர் சொல்லியிருந்தார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 6-ம் தேதி தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

6. துருவுக்கு எந்த மாடலில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நேரே காலியாகவே இருந்தது. உப்பு ஏற்றுகிறவனுக்கென்று எந்தப் படியிலும் தனியாக எதுவும் இல்லை.

ஐந்தாவது கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முதுகுத் தண்டில் தட்டு நழுவி இரண்டு மாதம் படுக்கை. அப்போது பழைய வண்டியில் மார்க்கெட் போனது மனைவிதான். இப்போதும் பாதி நடை அவருடையது. விடியற்காலை மூன்று மணிக்குத் திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் லோடோடு திரும்புவதற்கு எவ்வளவு தம் வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஷோரூமில் அதைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இருபது மூட்டை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி, “மரக்காணம் போயிட்டு வரலாம்” என்றார். ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது காலி வண்டி. காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். தம்பி கைவசம் ஒரு பேஸ் மாடல் வண்டி இருந்தது. பவர் ஸ்டீயரிங் இல்லாதது. அவருடைய கூட்டாளியிடம் பவர் ஸ்டீயரிங் வைத்த நடு மாடல். இரண்டிலும் ஐம்பது கிலோ மூட்டை இருபது, ஒரு டன் சரியாக ஏற்றினார்கள்.

“அக்கா, நீயா ஓட்டப் போற? மாமா ஓட்டட்டுமே” என்றார் தம்பி.

“நான்தான்டா.”

மகன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். உப்பளத்து வரப்புப் பாதை ஒரு வண்டி அகலம்தான். முனையில் இடது பக்கம் மடங்கித் திரும்ப வேண்டும். முதல் வண்டியில் அந்தத் திருப்பத்தில் அவர் சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பு பாரம் முழுவதையும் கையில் போட்டு ஸ்டீயரிங்கை இழுத்தார். ஒரே மடக்கில் திரும்பவில்லை. பின்னால் எடுத்து, மறுபடியும் இழுத்தார். மூன்றாவது தடவைதான் வண்டி திரும்பியது. ஓரமாக நிறுத்திவிட்டு வலது தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இரண்டாவது வண்டியில் அதே திருப்பம், அதே பாரம். ஒரு கை போதுமாக இருந்தது.

மகன் வழியெல்லாம் பேசவில்லை. இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் பக்கம் வந்தபோதுதான் வாயைத் திறந்தான். “பழைய வண்டியிலயும் இப்படித்தான் இழுத்தியாம்மா?”

“பின்ன? வண்டி என்ன, ஆளைப் பார்த்தா திரும்பும்?”

அன்று ராத்திரி நோட்டில் ‘டாப் மாடல்’ என்று எழுதியிருந்ததை அடித்தவன் மகன்தான். அப்பாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. “ஏ.சி. இல்லாட்டி நீ…” என்று இழுத்தார்.

மனைவி குறுக்கே வந்தார். “ஏங்க, ஏ.சி. இருந்தா வருவான், இல்லாட்டி வரமாட்டான்னா, அவன் வண்டிக்கு வர்றான்னு அர்த்தம், நிலத்துக்கு இல்ல. அதைக் கடன் வாங்கியா தெரிஞ்சுக்கணும்?”

மகன் சிரித்தான், பதில் சொல்லவில்லை.

மிச்சப் பணம் போன இடம்

நடு மாடல் வாங்கினார்கள். பவர் ஸ்டீயரிங் உண்டு, ஏ.சி. இல்லை, ஸ்கிரீன் இல்லை. இந்த முறை முழு காப்பீடு. வெள்ளச் சேதமும் அதில் அடங்குகிறதா என்று பாலிசியைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து. டாப் மாடலுக்குப் போகாத அறுபதாயிரம் கடனில் ஏறவே இல்லை. கையிலிருந்த பணத்தில் 18,000 ரூபாய் வண்டிக்குப் போனது. சேஸுக்கு அடியில் துரு தடுக்கும் பூச்சு, லோடு பாடியின் தரைக்கு இடுக்கில்லாத ரப்பர் விரிப்பு, கெட்டியான தார்ப்பாய். வண்டி நிற்க ஏரிக்கரை மேட்டில் புதுக் கொட்டகையும் போட்டார்கள். மூன்று மாத டியூவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கிறது. அடுத்த புயலுக்கு அது.

உப்பு இறக்கிய அன்றே வண்டியைக் கழுவ வேண்டும் என்பது இப்போது வீட்டுச் சட்டம். மேலே ஊற்றினால் போதாது. கீழே, சக்கர மடிப்பு, ஸ்பிரிங், சேஸின் உட்பக்கம் எல்லாம் நல்ல தண்ணீர் பட வேண்டும். சேஸில் தண்ணீர் வடியும் துளைகளில் சேறு அடைத்திருந்தால் குச்சியால் குத்திவிட வேண்டும். ஒயர் ஜாயின்ட் பக்கம் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. ‘பழைய வண்டி வாங்க வர்றவன் ஸ்கிரீன் ஓடுதான்னு பார்க்க மாட்டான், கீழே படுத்து சேஸைத்தான் தட்டுவான்’ என்பது மெக்கானிக் சொன்ன கணக்கு.

ஏ.சி. தேவையே இல்லை என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. தினம் நூறு, இருநூறு கிலோமீட்டர் வெயிலில் ஓட்டி அதிலேயே பிழைப்பவருக்கு அது சொகுசு இல்லை. உடம்பைக் காப்பாற்றும் சாமான். இவர்களுடைய வண்டி அதிகமும் ஓடுவது விடியற்காலையில். பகல் உப்பு நடை கோடையில் மூன்று, நான்கு மாதம்தான். வேறு வீட்டில் வேறு விடை வரலாம். வண்டியை யார், எந்த நேரத்தில், என்ன பாரத்தோடு ஓட்டப் போகிறார் என்பதில் தொடங்கினால் விடை கிடைத்துவிடும்.

மார்கழியில் மல்லாட்டை விதைத்தாகிவிட்டது. மகன் இன்னும் கம்பெனியை விடவில்லை. வாரத்தில் லீவு நாளன்று வண்டி அவனுடையது. தர்பூசணி முடிந்த பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அப்பா அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகைப் பக்கம் போனபோது, யாரும் சொல்லாமலே மகன் வண்டிக்கு அடியில் படுத்து, குச்சியால் சேஸ் துளையைக் குத்திக்கொண்டிருந்தான். அவர் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பைப்பை அவன் கைக்கு நீட்டினார்.