சில்லுத் தேஞ்ச சத்தம்

இரவில் ட்ரையரைப் போடுவதை நிறுத்தி ஒரு மாதமாகியிருந்தது. இங்கே ரொறன்ரோவில் எங்கள் மின்கட்டணத் திட்டத்தில் வார நாட்களில் மாலை 7 மணிக்குப் பிறகுதான் மின்சாரம் மலிவு. அதனால் உடுப்புத் தோய்ப்பதும் காயவிடுவதும் இரவுவேலைதான். ஆனால் ட்ரையரைப் போட்டால் மேல்மாடியில் படுத்திருக்கும் மகள் எழும்பிவிடுவாள். பேஸ்மென்டில் யாரோ உலக்கை போடுவதுபோலத் தொம், தொம் என்று ஓர் இடி. அந்த இடிக்கு மேலே, எண்ணெய் போடாத கதவுப் பிணைச்சல்போல ஒரு கீச்சொலி.

திருத்த வந்தவர் அரை நிமிடம்தான் அதை ஓடவிட்டுப் பார்த்தார். "இருவத்தஞ்சு வருச மெசின் அண்ணை. இதுக்குக் காசு செலவழியாதேங்கோ, புதிசு ஒண்டு வேண்டுங்கோ" என்றார். வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பினேன்.

அம்மா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. அவர் போனதும் சொன்னா: "தம்பி, மெசினில பிழையில்லை. இது சில்லுத் தேஞ்ச சத்தம். ஐயான்ர வண்டில் சில்லு ஒரு பக்கம் தட்டினாப்போல இப்பிடித்தான் இடிக்கும்."

அம்மாவின் ஐயா யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றியவர். அந்த வண்டிலில் வளர்ந்த காது அது. நான் மெசினை மறுபடி போட்டு, பக்கத்தில் ஒரு வாங்கில் இருந்து, கண்ணை மூடிக் கேட்டேன். அதுவரை 'சத்தம்' என்று ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தது பிரிந்து பிரிந்து வரத் தொடங்கியது. இடி தொடக்கத்தில்தான் பலமாக இருந்தது. பத்து நிமிடம் ஓடிச் சூடேறியபின் தணிந்தது. கீச்சொலிக்குத் தணிவே இல்லை. உடுப்பை எடுத்துவிட்டு வெறுமனே ஓடவிட்டபோதும் இரண்டும் இருந்தன. ஆகவே உடுப்பிலுள்ள பொத்தானோ சிப்போ காரணமில்லை.

இந்த நாட்டு ட்ரையர்கள் பலவற்றின் உள்ளமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. பெரிய தகர உருளை ஒன்று. அதன் பின்பக்கம் இரண்டு சிறிய சில்லுகளில் தாங்கி நிற்கும்; முன்பக்கம் வழுக்கிப்போகும் துண்டுகளில் படிந்திருக்கும். ஒரு மெல்லிய நீண்ட பெல்ட் அந்த உருளையைச் சுற்றி வந்து, கீழே மோட்டரின் கப்பியில் கொளுவும். பெல்ட் தொய்யாமல் இறுக்கிப் பிடிக்க இன்னொரு சிறு கப்பி. இவற்றில் ஒவ்வொன்றும் தேயும்போது ஒவ்வொரு விதமாகக் கத்தும். சில்லின் ரப்பர் ஒரு பக்கம் தட்டையானால் இடி. இறுக்கும் கப்பி உலர்ந்தால் கீச்சு. வழுக்கும் துண்டு கரைந்தால் தகரம் தகரத்தோடு உரசும். காற்றுத் தள்ளும் விசிறியில் காலுறையோ காசோ மாட்டினால் உறுமல். எங்கள் மெசினில் முதல் இரண்டும்தான்.

அம்மாவின் வண்டில் கணக்கு மிகச் சரி. உருளையின் விட்டம் ஏறத்தாழ 27 அங்குலம், சில்லின் விட்டம் 3 அங்குலம். உருளை ஒரு சுற்றுச் சுற்ற, சில்லு ஒன்பது சுற்றுச் சுற்றவேண்டும். உருளை நிமிடத்துக்கு 50 சுற்று என்றால், முக்கால் மணி நேரத்தில் அந்தச் சின்னச் சில்லு இருபதாயிரம் தடவை சுழல்கிறது. இருபத்தைந்து வருடம் அப்படி ஓடிய ஒன்று தேய்ந்துபோனதைப் பழுது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது செய்த வேலைக்கு அடையாளம் அந்தத் தேய்வு.

மெசினை எறிய மனம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். மின்சாரமும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொடுத்து றேடியோச் செய்தி கேட்டோம். ஒரு பொருளைத் திறந்து பார்க்காமல் எறிவது என்னால் இன்றும் ஏலாத காரியம். தேவை முடிந்த பின்னும் அந்தப் பழக்கம் போகவில்லை, போகவும் வேண்டாம்.

சனிக்கிழமை காலை மகளையும் கூப்பிட்டுக்கொண்டு இறங்கினேன். முதல் வேலை, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுவது. ட்ரையருக்கு வருவது 240 வோல்ட். சும்மா சுவிட்சை நிறுத்திவிட்டுக் கை வைக்கக் கூடாது. பஞ்சு வடியைத் தூக்கினால் அடியில் இரண்டு ஸ்குரூ. அவற்றைக் கழற்றி, தட்டையான கத்தியை நெம்பக் கொடுத்தால் மேல்மூடி கார் பொனற் மாதிரி எழும்பும். உள்ளே மேலும் இரண்டு ஸ்குரூ, கதவு சுவிட்சின் வயர், அவ்வளவுதான், முன்தகடு கையோடு வந்துவிடும். தகர விளிம்புகள் வெட்டும் என்பதால் மகளுக்குத் தோட்டக் கையுறை போட்டுவிட்டேன்.

முன்தகட்டின் உட்புறத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: பெல்ட், மார்ச் 2004. இந்த வீட்டை எங்களுக்கு விற்றவரின் கையெழுத்தாக இருக்கலாம். மகள் அதைத் தடவிப் பார்த்தாள். வீடு வாங்கிய நாளில் சாவி கைமாறியபோதுகூட அந்த மனிதரை நான் இவ்வளவு கிட்டத்தில் உணரவில்லை.

உள்ளே பஞ்சு. தரையெல்லாம், மோட்டரின் மேலெல்லாம், சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடை தடிப்பு. ஒவ்வொரு முறையும் வடியைத் துடைத்துத்தான் போடுகிறோம். ஆனாலும் வடிக்குத் தப்பியது உள்ளே படிந்துகொண்டே இருக்கிறது. 2008 முதல் 2010 வரை அமெரிக்காவில் ட்ரையர்களால் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீடுகளில் தீப்பிடித்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகத்தின் அறிக்கை சொல்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் சுத்தம் செய்யாததுதான். பக்கத்திலேயே, ஓடும்போது செந்தணலாகும் கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காய்ந்த பஞ்சு. வக்யூமைப் பிடித்தபடி அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் உறிஞ்சினேன். சத்தம் வராமலிருந்தால் இதைத் திறந்திருக்கவே மாட்டோம்.

பஞ்சுக்குள்ளிருந்து மகள் ஒரு செப்புக் காசை எடுத்தாள். ஒரு சதம். கனடா 2013இல் விநியோகத்தை நிறுத்திய காசு. அவள் பிறந்ததே அதற்குப் பிறகு. "இதுக்கு என்ன வேண்டலாம் அப்பா?" என்று கேட்டாள்.

உருளையைத் தூக்கி எடுத்ததும் சில்லுகள் தெரிந்தன. முக்கோணப் பிளாஸ்ரிக் கிளிப் ஒன்று ஒவ்வொன்றையும் அச்சில் பிடித்திருந்தது. கழற்றிக் கையில் உருட்டினால் இடதுபக்கச் சில்லு தட்டையான இடம் வந்ததும் நின்றது. இறுக்கும் கப்பியோ விரலால் சுண்டியும் சுற்றவில்லை. இந்த இடத்தில் எண்ணெய் ஸ்பிரே அடித்துவிடச் சிலர் சொல்வார்கள். அடித்தால் இரண்டு நாள் அமைதியாக இருக்கும். பிறகு எண்ணெயில் பஞ்சு ஒட்டி, பசையாகி, முன்பைவிட மோசமாகும். தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். அச்சுகளைப் பழஞ்சீலையால் துடைத்துப் புதுச் சில்லுகளையும் கப்பியையும் போட்டோம். திறந்தாயிற்றே என்று பெல்ட்டையும் மாற்றினோம். எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. புது மெசினின் விலையில் பத்தில் ஒன்றுகூட இல்லை.

கடினமான வேலை பெல்ட் கொளுவுவது. வரிப்பள்ளம் உள்ள பக்கம் உருளையைத் தொடவேண்டும். தட்டைப் பக்கம் இறுக்கும் கப்பியில் படவேண்டும். அந்த மடிப்பை உருளைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையை விட்டுத் தடவித்தான் போடவேண்டும். என் கை நுழைந்தது, ஆனால் விரல் மடங்க இடமில்லை. மகள் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சீமெந்தில் வைத்து, என் சொல்லை மட்டும் கேட்டுக் கொளுவினாள். ஸ்பிரிங் 'டக்' என்று இழுத்துப் பிடித்தது. உருளையைக் கையால் ஒரு முழுச்சுற்றுச் சுற்றினோம். சில்லுகள் பேசாமல் உருண்டன.

இந்த வகை மெசின் பிறந்ததே குளிரினால்தான். வட டகோட்டாவில் ஜே. ராஸ் மூர் என்பவர் உறைபனியில் கொடியில் உடுப்புப் போட்டு அலுத்து, கொட்டிலுக்குள் அடுப்பும் உருளையுமாகத் தொடங்கிய முயற்சி 1938இல் விஸ்கொன்சினின் ஹமில்டன் நிறுவனத்தில் விற்பனைக்கு வந்தது. கதவில் கண்ணாடி வைத்து உடுப்பு சுழல்வதைக் காட்டச் சொன்னவர் வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். அம்மாவுக்கு அந்தச் சலிப்பு விளங்கும். இங்கே வந்த முதல் மாரியில் சீலையைப் பல்கனியில் போட்டு, பலகையாய் விறைத்ததைத் தோளில் சாத்திக்கொண்டு உள்ளே வந்தவ அவ. கோடையில் இன்றும் கோடிப்பக்கம் கொடி கட்டித்தான் போடுவா. பல வீட்டுத் தொகுதிகளில் கொடிக்கு இருந்த தடையை ஒன்ராறியோ அரசு 2008 ஏப்ரலில் நீக்கியது. வெயில் சும்மா கிடக்க மெசினைப் போடுவது அம்மாவுக்குப் பாவம். ஆனால் மாரி இங்கே நீண்டது.

முன்தகட்டை மூடுமுன் மகள் பென்சில் எடுத்து வந்து, பழைய வரிக்குக் கீழே ஆங்கிலத்தில் சில்லு, கப்பி, பெல்ட் என்று எழுதி அன்றைய திகதியையும் போட்டாள். பிளக்கைக் கொளுவி, ஒரு கூடை ஈர உடுப்பைப் போட்டு, பொத்தானை அமத்தினோம். காற்று வீசும் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும்.

கொஞ்ச நேரத்தில் அம்மா படியிறங்கி வந்தா.

"என்ன தம்பி, நிண்டு போச்சே?"

"இல்லையம்மா, ஓடுது."

மேல்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. சூடும் அதிர்வும் கையில் பட்டிருக்கவேண்டும்; தலையை ஆட்டினா. பிறகு காதைச் சாய்த்தா.

"அப்ப உந்த டிக், டிக் எண்டுறது என்ன?"

"பிள்ளையின்ர ஜீன்ஸ் சிப் அம்மா. தகரத்தில படுது."

"முந்தி இது கேக்கேல்லையே" என்றா அம்மா, கையை எடுக்காமல்.