கடலோர மணலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"தொண்டிக்காரிக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்று ஊர் திரும்பியதும் என் நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் ஸ்காட்லாந்துக்குப் போனது கோல்ஃப் மைதானம் பார்க்க அல்ல. மகளுக்குப் பிரசவம் பார்க்க. ஆனால், உலகத்தின் மிகப் பழைய கோல்ஃப் மைதானங்களில் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் நடந்துவிட்டு வந்தேன். அதை நான் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் டண்டி என்ற ஊரில் இருக்கிறார்கள். பெட்டியில் பிரசவ மருந்துப் பொடி, சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் கடற்கரையில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டுதான் முதல் பத்தியம். அங்கே பால்சுறாவுக்கு எங்கே போவது? ஹேடக் என்று ஒரு மீன் கிடைத்தது. அதையே வேகவைத்து, முள் எடுத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டு செய்தேன். மாப்பிள்ளை இரண்டு தட்டு சாப்பிட்டார். மகள்தான் தொடவில்லை.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். சுகப் பிரசவம். ஆனால் மூன்று வாரம் ஆகியும் மகள் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தை அழுதால் இவளும் அழுவாள். குழந்தை தூங்கினாலும் இவள் தூங்கமாட்டாள். "நான் நல்ல அம்மா இல்லைம்மா" என்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் அம்மா எனக்குச் செய்ததையே செய்தேன். ஜன்னலைச் சாத்தினேன். காதில் பஞ்சு, தலையில் துண்டு. "நாற்பது நாள் வாசப்படி தாண்டக் கூடாது. பச்சை உடம்பு, காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அந்த நாட்டில் பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு நர்ஸ் அம்மாள் தேடி வந்து பார்க்கிறார். குழந்தையை எடை போட்டுவிட்டு மகளிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் 10 கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா என்பது போல. இந்தக் கேள்வித்தாளை 1987-ல் எடின்பரோ பக்கத்து மருத்துவர்கள்தான் உருவாக்கினார்களாம். இப்போது பல நாடுகளில், பல மொழிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிரசவமான நாலைந்து நாளில் வரும் அழுகை தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் நிதானமாக விளக்கினார். டாக்டரிடம் அனுப்பினார். அதோடு, "தினமும் கொஞ்சம் வெளிக் காற்றில் நடக்கட்டும்" என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் போனதும், "அவங்க ஊர் உடம்பு வேற, நம்ம உடம்பு வேற" என்றேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீ பூட்டி வச்சா நான் இன்னும் உள்ளுக்குள்ளேயே போயிடுவேன். என்னைக் கடலைப் பார்க்கக் கூட்டிட்டுப் போம்மா" என்றாள்.

தொண்டிப் பெண் அல்லவா! கடலைக் கேட்டால் இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறன்று நிலத்துக்கு ஓய்வு

குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது, ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். டே நதியின் நீளப் பாலத்தைத் தாண்டி, அரை மணி நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். குழந்தையை மாப்பிள்ளை மார்போடு சேர்த்துத் துணிப்பையில் கட்டிக்கொண்டார்.

"இங்கேதான் உலகத்திலேயே பேர் போன கோல்ஃப் மைதானம் இருக்கு அத்தை. ஓல்ட் கோர்ஸ்னு பேரு" என்றார்.

"நம்மை உள்ளே விடுவானா?" என்று கேட்டேன். நம் பக்கத்தில் கோல்ஃப் கிளப் என்றால் காம்பவுண்டு சுவரும், கூர்க்காவும்தானே ஞாபகம் வரும்!

மாப்பிள்ளை சிரித்தார். அங்கே சுவரும் இல்லை, கேட்டும் இல்லை. மைதானத்தின் குறுக்கே ஊர்ச் சனங்கள் கடற்கரைக்குப் போகிற பாதையே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் பெரிய பந்தயம் எதுவும் இல்லையென்றால் ஆட்டமே கிடையாது. அன்றைக்கு அது ஊருக்கே பூங்கா. தாத்தா பாட்டிகள் நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள், நாய்கள் அதற்கு மேல் ஓடுகின்றன.

அந்த மைதானத்தை நாற்பது வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பராமரித்தவர் டாம் மாரிஸ் என்ற கிழவர். 'ஆடுகிறவர்களுக்கு ஓய்வு வேண்டாமென்றாலும் நிலத்துக்கு வேண்டும்' என்ற அர்த்தத்தில் அவர் சொன்னதாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பளிச்சென்று பட்டது. பிரசவித்த உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று நாம் சொல்வதும் இதேதானே? ஆனால் அவர்கள் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று அதைப் பூட்டி வைக்கவில்லை. திறந்துவிட்டார்கள்!

ராவணன் மீசையும் தேங்காய் வாசனையும்

நான் ஏதோ கம்பளம் விரித்த மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் எங்கள் ஊர் மணல்மேடுதான், மேலே புல் போர்த்தியிருக்கிறது! கடலுக்கும் வயலுக்கும் நடுவில் உள்ள, உழவுக்கு உதவாத மணல் பூமியைத்தான் அவர்கள் 'லிங்க்ஸ்' என்கிறார்கள். மேடும் பள்ளமும் காற்று செய்த வேலை. ஆடுகள் குளிர்காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துப் படுத்து உண்டான குழிகளே பிற்பாடு ஆட்டத்தில் மணல் பள்ளங்கள் ஆயின என்று ஒரு பேச்சு. இன்றைக்கு அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் 'நரகம்'! எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் மண் சுவர்.

எங்கள் தொண்டிக் கரையில் மணலைப் பிடித்து வைப்பது அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும். அங்கே அந்த வேலையை மாரம் என்ற நெட்டைப் புல் செய்கிறது. நம் உடைமரம் போல முள் அடர்ந்த புதர் ஒன்று, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. பக்கத்தில் போனதும் திகைத்துப் போனேன். அசல் தேங்காய் வாசனை! மகள் குனிந்து முகர்ந்தாள். "அம்மா, நீ தேங்காய்ப்பால் பிழியற வாசம்" என்றாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவளாக வாய் திறந்து பேசிய முதல் பேச்சு அது.

ஸ்வில்கன் என்று ஒரு சிற்றோடை. அதன் மேல் சின்னக் கல்பாலம். 700 வருஷத்துக்கு முன்னால் இடையர்கள் ஆடு மாடு ஓட்டிப் போகக் கட்டியதாம். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அதில் நின்று கைகாட்டிப் படம் எடுத்துக்கொள்வார்கள். நாங்களும் எடுத்துக்கொண்டோம்.

எனக்குப் பாலத்தைவிட ஓடைதான் பிடித்தது. அந்தக் காலத்தில் ஊர்ப் பெண்கள் இதில் துணி துவைத்து, இந்தப் புல்லிலும் புதரிலும்தான் உலர்த்துவார்களாம். பந்து துணி மேல் விழுந்துவிட்டால், துணியை மெல்ல உருவிவிட்டு ஆட வேண்டும் என்று ஒரு விதியே எழுதி வைத்திருந்தார்களாம். சீமான்களின் ஆட்டத்துக்கு நடுவிலும் வண்ணாத்தியின் துணிக்கு ஓர் உரிமை!

ஊர்ப் பொதுச் சொத்து

அந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1457-ல் ஸ்காட்லாந்து அரசர், பிள்ளைகள் வில் பழகாமல் பந்தடிக்கிறார்கள் என்று இந்த ஆட்டத்துக்கே தடை போட்டார். தடை நிற்கவில்லை. 1552-ல் அந்த ஊர் ஆர்ச் பிஷப், மணல் பூமியில் ஊர் சனங்கள் ஆடலாம் என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பிறகு 1797-ல் நகரசபை கடனில் மூழ்கி அந்த நிலத்தையே விற்றுவிட்டது. வாங்கிய வியாபாரிகள் அதில் முயல் வளர்த்தார்கள். முயல் குழி பறிக்க, ஆட்டக்காரர்கள் முயலை அடிக்க, இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டும் சண்டையும். 1821-ல் பக்கத்து நிலச் சுவான்தார் ஒருவர் வாங்கி ஆட்டத்துக்கு விட்டார். 1894-ல் பார்லிமெண்ட் சட்டம் மூலம் ஊருக்கே திரும்பிவிட்டது. இன்று ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

மாப்பிள்ளை இதைச் சொல்லச் சொல்ல எனக்கு எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் ஞாபகம் வந்தது. அதற்கப்பால் கடல் வரை வெறும் மணல். அதில்தான் நாங்கள் பாண்டி ஆடினோம், கருவாடு காயப் போட்டோம், சாயங்காலம் பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து கதை பேசினோம். பிறகு ஒரு நாள் கம்பி வேலி வந்தது. வேலிக்குள் இறால் குட்டை வந்தது. கடலோர இறால் பண்ணைகள் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே கடுமையாகத் தீர்ப்புச் சொன்னது. எங்கள் குட்டையும் பிற்பாடு காய்ந்து கிடந்தது. ஆனால் வேலி போகவில்லை, பெண்கள் கூட்டமும் திரும்பி வரவில்லை. வெறும் மணல்தானே என்று நாங்கள் யாரும் வாய் திறந்து கேட்கவும் இல்லை.

பெண்களுக்கு ஓர் இமயமலை

மைதானத்தை ஒட்டி, அலை அலையாக மேடு பள்ளமாய் ஒரு புல்வெளி. அதன் பெயர் 'இமயமலை'! 1867-ல் பெண்களுக்கென்று ஆரம்பித்த சங்கத்தின் இடம். உலகத்திலேயே பழைய பெண்கள் கோல்ஃப் சங்கம் இதுதான் என்கிறார்கள். கையைத் தோளுக்கு மேல் ஓங்கிப் பந்தடிப்பது குலஸ்திரீக்கு அழகல்ல என்று அக்காலத்தில் நினைத்தார்களாம். அதனால், மெல்ல உருட்டிக் குழியில் தள்ளும் ஆட்டம் மட்டும் பெண்களுக்கு! பக்கத்தில் கம்பீரமாக நிற்கிற பெரிய கிளப் 1754-ல் தொடங்கியது. பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க அவர்கள் சம்மதித்தது 2014-ல். கணக்குப் பாருங்கள், 260 வருஷம்! அதற்குள் 2007-லேயே இதே மைதானத்தில் பெண்களின் பிரிட்டிஷ் ஓப்பன் பந்தயம் நடந்துவிட்டது. ஆட இடம் கிடைத்த பிறகுதான் உட்கார நாற்காலி கிடைத்திருக்கிறது.

இரண்டு கல்லறைகளும் ஒரு பள்ளிக்கூடமும்

ஊருக்குள் நடந்தபோது ஒரு பழைய கட்டிடத்தைக் காட்டினார்கள். 2021 வரை அதில் இயங்கிய பள்ளியின் பெயர் 'மதராஸ் காலேஜ்'. இந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், 1789-லிருந்து சில வருஷங்கள் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோய், அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் 'மதராஸ் முறை' அவரால்தான் அந்தத் தேசமெங்கும் பரவியது. அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளி அது. நம் மணலுக்கு அந்த ஊரில் ஒரு கோயிலே கட்டியிருக்கிறார்கள் என்று பெருமையாக இருந்தது.

கடைசியில், இடிந்த பழைய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். டாம் மாரிஸ் கிழவர் அங்கே இருக்கிறார். அவர் மகன் பெயரும் டாம். அப்பாவைவிடக் கெட்டிக்கார ஆட்டக்காரன். 1875-ல் வேறு ஊரில் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தபோது, மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாக இருக்கிறது என்று தந்தி வந்தது. படகில் விரைந்து வந்தான். அதற்குள் தாயும் போய்விட்டாள், சிசுவும் போய்விட்டது. அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்று அவனும் கண்ணை மூடினான். வயது 24.

மகள் அந்தக் கல்லின் முன் வெகு நேரம் நின்றாள். நான் பதறிப் போனேன். இந்த நேரத்தில் இதைக் காட்டியிருக்கக் கூடாதே என்று மாப்பிள்ளையும் தவித்தார். அவள் அவரிடமிருந்து குழந்தையை வாங்கி, கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். "நான் பிழைச்சிருக்கேன்ல அம்மா? இவனும் இருக்கான்ல?" என்றாள். அழுதாள்தான். ஆனால் அந்த அழுகை வேறு மாதிரி இருந்தது.

ஒரு நாள் நடையில் எல்லாம் குணமாகிவிட்டது என்று நான் கதை விடமாட்டேன். டாக்டர் சொன்னபடி சில மாதங்கள் அவள் ஆலோசனைக்குப் போனாள். ஞாயிறு தவறாமல் மணல் பூமிக்கும் போனோம். காதில் பஞ்சு மட்டும் நான் விடவில்லை, அவளும் மறுக்கவில்லை. ஹேடக் புட்டு பிற்பாடு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பிள்ளை பெற்ற பெண் சும்மா சும்மா அழுதால், "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று என்னைப் போல் ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள். பத்தியத்தோடு கொஞ்சம் வெளிக்காற்றும் கொடுங்கள்.

ஊர் வந்த மறுநாள் சாயங்காலம், நான் கொல்லைப்புறம் போய் அந்தத் துருப்பிடித்த வேலியைப் பார்த்தேன். ஓர் இடத்தில் கம்பி அறுந்து ஆள் நுழைகிற அளவு வழி இருந்தது. நாத்தனாரைக் கூப்பிட்டேன். "வா, கடல் வரைக்கும் நடந்துட்டு வருவோம்." இப்போது தினமும் போகிறோம். பக்கத்து வீட்டு ராத்தாவும் சேர்ந்துகொண்டார். நேற்று ஏழு பேர்.